தனியார் பார்க்கிங் கட்டணத்துக்குக் கவுண்டி கோர்ட் படிவம் வந்தால் என்ன செய்வது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகக் குடியேறியிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு என்பதால் அங்கிருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்தக் காகிதம் என்று பாருங்கள். கவுன்சிலோ காவல்துறையோ அனுப்புவது அபராதம். அதற்கு வேறு வழிமுறை உண்டு. சூப்பர் மார்க்கெட், ரீட்டெயில் பார்க், அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற இடங்களை நிர்வகிக்கும் தனியார் நிறுவனம் அனுப்புவது, நீங்கள் ஒப்பந்தத்தை மீறிவிட்டதாகச் சொல்லிக் கேட்கும் பணம். அதைச் செலுத்தாமல் விடுவது குற்றமாகாது, காவல்துறைப் பதிவிலும் ஏறாது. கடன் வசூல் நிறுவனங்கள் சிவப்பு எழுத்தில் அனுப்பும் கடிதங்களைக் கண்டு பயப்படவும் தேவையில்லை; தீர்ப்பு ஒன்று வந்து, அதன்படி பணம் செலுத்தப்படாத நிலை ஏற்படும்வரை யாரும் உங்கள் வீட்டு வாசலில் வந்து பொருளைப் பறிமுதல் செய்ய முடியாது.

ஆனால் இரண்டு காகிதங்களை ஒருபோதும் ஒதுக்கி வைக்காதீர்கள். ஒன்று, வழக்குத் தொடுப்பதற்கு முன் வரும் கடிதம். அதற்குப் பதில் அளிக்க 30 நாள் உண்டு. மற்றொன்று, நார்த்தாம்டனில் உள்ள சிவில் நேஷனல் பிசினஸ் சென்டர் என்ற நீதிமன்ற மையத்திலிருந்து வரும் வழக்குப் படிவம். இதற்குப் பதில் போகாவிட்டால் நீதிபதி உங்கள் தரப்பைக் கேட்காமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு பதிவாகிவிடும். சி.சி.ஜே. (கவுண்டி கோர்ட் தீர்ப்பு) என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாம். தவறினால் 6 ஆண்டுகள் அங்கேயே இருக்கும். வாடகை வீடு, வீட்டுக்கடன், கைபேசி ஒப்பந்தம் என்று எல்லா இடத்திலும் அது குறுக்கே நிற்கும். குடியுரிமை விண்ணப்பத்திலும் சிவில் தீர்ப்புகள் பற்றிய கேள்வி உண்டு என்பதால், நம் மக்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

நம்மவர்கள் பலர் இதில் மாட்டிக்கொள்வதற்கு முக்கியக் காரணம் முகவரி. வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அறை மாறி, ஊர் மாறி, வேலைக்கேற்ப வீடு மாறிக்கொண்டே இருக்கிறோம். காரின் வி5சி எனும் பதிவுச் சான்றிதழில் மட்டும் பழைய முகவரி அப்படியே கிடக்கிறது. பார்க்கிங் நிறுவனம், வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்கு 2.50 பவுண்டு செலுத்தி அந்த முகவரியைப் பெறுகிறது. கடிதங்கள் அங்கே போகின்றன, வழக்குப் படிவமும் அங்கேயே போகிறது, உங்களுக்குத் தெரியாமலேயே தீர்ப்பும் வந்துவிடுகிறது. வீடு மாறிய வாரமே வி5சி-யிலும் ஓட்டுநர் உரிமத்திலும் முகவரியை மாற்றுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஏற்கெனவே ஏதாவது பார்க்கிங் கடிதம் வந்திருந்தால், அந்த நிறுவனத்துக்கும் புதிய முகவரியை எழுத்தில் தெரிவித்து, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாள் கணக்கு. படிவத்தின் வலப்பக்கம் வழக்குப் பதிவான தேதி இருக்கும். அந்தத் தேதியிலிருந்து 5 நாள் கழித்து அது உங்களுக்குச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும்; அங்கிருந்து 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். படிவம் கிடைத்ததாக ஒப்புகை மட்டும் அனுப்பினால், எதிருரையை (வழக்கை மறுத்து நீங்கள் எழுதும் பதிலை) தாக்கல் செய்ய மொத்தம் 28 நாள் கிடைக்கும். மார்ச் 3-ஆம் தேதி பதிவான வழக்கு என்றால், 8-ஆம் தேதி சேர்ந்ததாகக் கணக்கு. ஒப்புகைக்கு மார்ச் 22, எதிருரைக்கு ஏப்ரல் 5. படிவத்தில் தரப்பட்டிருக்கும் கடவுச்சொல்லைக் கொண்டு ஒப்புகையை இணையத்திலேயே அனுப்பலாம். அப்போது ‘முழு வழக்கையும் எதிர்க்கிறேன்’ என்ற கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதன் அருகிலேயே நீதிமன்றத்தின் அதிகார வரம்பை மறுப்பதற்கான கட்டமும் இருக்கும். அதைத் தொட வேண்டாம், அது வேறொரு நடைமுறைக்கு இட்டுச் செல்லும்.

எதிருரையில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி உரையை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. மாதிரியைப் படித்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வழக்கில் என்ன நடந்தது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். எதிருரையின் அடியில் உண்மை உறுதிமொழியில் கையெழுத்திடுகிறீர்கள். நீங்களே ஓட்டியிருக்கும்போது ‘நான் ஓட்டவில்லை’ என்று எழுதினால் அது நீதிமன்ற அவமதிப்பு வரை போகக்கூடும். ஒரு 100 பவுண்டுக்காக அந்த நிலைக்கு யாரும் போகக்கூடாது.

உண்மையை வைத்தே வலுவாக வாதாட இடம் இருக்கிறது. வண்டியை ஓட்டியவர் யார் என்பதற்கும் வி5சி-யில் பெயர் உள்ள கீப்பர் யார் என்பதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. நண்பருக்கோ மைத்துனருக்கோ காரைக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம் என்பதால் இது முக்கியம். 2012-ஆம் ஆண்டின் புரொடெக்ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் சட்டத்தின் 4-ஆவது அட்டவணை, சில நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே ஓட்டியவரின் பொறுப்பைக் கீப்பர் மீது சுமத்த அனுமதிக்கிறது. கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமரா பதிவை மட்டும் வைத்து அனுப்பும் கடிதம் என்றால், வண்டி நிறுத்தப்பட்ட நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் அது கீப்பரிடம் சேர வேண்டும். தபாலில் போட்ட இரண்டாவது வேலைநாளில் சேர்ந்ததாகக் கருதப்படும். 1-ஆம் தேதி நிறுத்திய வண்டிக்கு 14-ஆம் தேதி தபாலில் சேர்த்த கடிதம் வந்தால் அந்த நிபந்தனை தவறிவிட்டது. கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருந்தால் கணக்கு வேறு. அதற்குப் பின் 28 நாள் கழிந்து, 56-ஆவது நாளுக்குள் கீப்பருக்கு நோட்டீஸ் சேர வேண்டும். இந்தத் தேதிகளை உறையோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்.

கேமரா பதிவு எப்போதும் உண்மை முழுவதையும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கேர் ஹோம் ஊழியர் காலையில் பால் வாங்க ஒரு கடைக்குப் போய், மாலையில் வேலை முடிந்து திரும்பும் வழியில் மறுபடி அதே கடைக்குப் போனார். கேமரா காலை நுழைவையும் மாலை வெளியேற்றத்தையும் மட்டும் இணைத்து, நாள் முழுவதும் வண்டி அங்கேயே நின்றதாகக் காட்டியது. இரண்டு நேரத்துக்கும் இடையில் வேறு ஊரில் பெட்ரோல் போட்ட வங்கிப் பதிவும், வேலையிட வருகைப் பதிவும் அவரிடம் இருந்தன. அவையே அவருடைய எதிருரையின் உயிர்நாடி. இயந்திரத்தில் வண்டி எண்ணை அடிக்கும்போது ஆங்கில எழுத்து ‘ஓ’வுக்குப் பதில் பூஜ்யத்தை அடித்துவிட்டவர்களும் உண்டு, பணம் கட்டியதற்கான சீட்டோ வங்கிப் பதிவோ இருந்தால் அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அறிவிப்புப் பலகையும் பெரிய விஷயம். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பீவிஸ் வழக்கை ஒவ்வொரு நிறுவனமும் எடுத்து வைக்கும். செம்ஸ்ஃபோர்டில் 2 மணி நேர இலவச நிறுத்தத்தை 56 நிமிடம் தாண்டிய ஒருவர் 85 பவுண்டு கட்ட வேண்டும் என்று அதில் முடிவானது. ஆகவே ‘தொகை அநியாயம்’ என்ற ஒற்றை வாதம் இனி நிற்காது. ஆனால் அந்த வளாகத்தில் பலகைகள் பெரிதாகவும் எளிதில் படிக்கக்கூடியதாகவும் நிறைய இடங்களில் இருந்தன என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். உங்கள் இடத்தில் பலகை மரக்கிளைக்குப் பின்னால் இருந்ததா, இரவில் வெளிச்சம் இருந்ததா, கட்டணத் தொகை பொடி எழுத்தில் இருந்ததா என்பதை, முடிந்தால் அதே நேரத்தில் மறுபடி போய்ப் படம் எடுத்து வையுங்கள்.

வாடகைக்குக் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சொந்த நிறுத்துமிடத்திலேயே இந்தச் சீட்டு வந்திருந்தால், வாடகை ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். நிறுத்துமிடம் உங்களுக்கு உரியது என்று அதில் எழுதியிருந்தால், பின்னால் வந்த பார்க்கிங் நிறுவனம் தன் பலகையால் அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்று வாதிடலாம்.

கோரும் தொகையையும் பிரித்துப் பாருங்கள். 100 பவுண்டு கட்டணத்தோடு ‘கடன் வசூல் செலவு’ என்று 60 அல்லது 70 பவுண்டு சேர்க்கப்பட்டிருக்கும். கீப்பரிடம் மேலே சொன்ன 2012 சட்டத்தின் 4-ஆவது அட்டவணையின்படி கேட்கக்கூடிய உச்ச வரம்பு, அவருக்கு அனுப்பிய நோட்டீஸில் குறிப்பிட்ட தொகைதான். கூடுதல் தொகையைத் தனியாக எதிர்த்து எழுதுங்கள். மேலும், வழக்கின் விவரம் இரண்டு மூன்று வரியில், எந்த விதியை எப்படி மீறினீர்கள் என்று சொல்லாமல் இருந்தால், அதையும் முதல் பத்தியிலேயே சுட்டுங்கள். 2023 ஆகஸ்டில் லூட்டனில் ஒரு மேல்முறையீட்டில் இந்தக் காரணத்துக்காகவே வழக்கு தள்ளுபடியானது.

எதிருரை போன பிறகு ஒரு கேள்விப் படிவம் வரும். மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று அதில் கேட்பார்கள். ஆங்கிலத்தில் வாதாடத் தயக்கம் இருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நீதிமன்றத்தையும் குறிப்பிடுங்கள். 2024 மே 22 முதல் தொடுத்த வழக்குகளில் தொலைபேசிச் சமரசம் கட்டாயம். கட்டணம் இல்லை, ஒரு மணி நேரம். அந்த அழைப்பைத் தவறவிடக்கூடாது. ஆனால் எதையும் ஒப்புக்கொண்டு பணம் தர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. எந்தக் கட்டத்திலும் கடை மேலாளரிடமோ நிலத்தின் உரிமையாளரிடமோ ரசீதைக் காட்டி ரத்து செய்யக் கேட்கலாம். வழக்குக்குப் பின்னும் இது பலித்தது உண்டு.

விசாரணைத் தேதி வந்தால், அதற்குப் பெரும்பாலும் 14 நாள் முன்பாக சாட்சி வாக்குமூலத்தையும் ஆதாரங்களையும் நீதிமன்றத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்ப வேண்டும். விசாரணைக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் சில நிறுவனங்கள் வழக்கைக் கைவிடுவதும் உண்டு. சிறு வழக்கு என்பதால் மாவட்ட நீதிபதியின் அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் பேசுவார்கள். தோற்றாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முழுச் செலவும் வழக்கமாக உங்கள் தலையில் விழாது. கட்டணம், வட்டி, நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞருக்கான 50 பவுண்டு நிலையான செலவு என்று பெரும்பாலும் 300 பவுண்டை ஒட்டியே நிற்கும்.

பழைய முகவரிக்குப் போன படிவத்தால் ஏற்கெனவே தீர்ப்பு விழுந்துவிட்டவர்கள், தெரிந்தவுடன் தாமதிக்காமல் என்244 படிவத்தில் அதை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும். அப்போது எந்த முகவரியில் எப்போது குடியிருந்தீர்கள் என்பதற்கு வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரிக் கடிதம் போன்ற சான்றுகளையும், வழக்கில் உங்கள் எதிருரை என்னவாக இருக்கும் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். விண்ணப்பக் கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். வருமானம் குறைவாக இருப்பவர்கள் அதைக் குறைக்கவோ முழுவதும் தவிர்க்கவோ ‘ஹெல்ப் வித் ஃபீஸ்’ என்ற திட்டத்தில் தனியாக விண்ணப்பிக்கலாம்.