தையல்நாயகி இல்லம் (குடும்பக் குழு)

கார்த்தி: தாத்தா நிலத்துக்குப் பட்டா மாறுதல் விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். இணையத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் சீர்காழி வட்டமே வரவில்லை. பத்திரத்திலோ தஞ்சாவூர் ஜில்லா. எதைப் போடுவது?

செல்வி அத்தை: மயிலாடுதுறை

பாலு அண்ணன்: மாயவரம் 😀

ராஜு சித்தப்பா: பொறு கார்த்தி, விவரமாகச் சொல்கிறேன்.

பாலு அண்ணன்: ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

ராஜு சித்தப்பா: தாத்தா நிலம் வாங்கியபோது நாமெல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. 1991 அக்டோபரில் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது. 1997இல் திருவாரூரைப் பிரித்தார்கள். அதோடு நாகை மாவட்டம் இரண்டு துண்டு. வடக்கே நாம், தெற்கே கலெக்டர் ஆபீஸ், கடலோரச் சாலையில் நடுவே புதுச்சேரியின் காரைக்கால். ஒரு மனு கொடுக்கத் தமிழ்நாட்டை விட்டு வெளியேறி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும்.

மணி மாமா: அது பொற்காலம்.

செல்வி அத்தை: உங்கள் மனுவெல்லாம் காரைக்காலிலேயே தங்கிவிட்டது எனக்குத் தெரியாதா?

பாலு அண்ணன்: 😂😂

ராஜு சித்தப்பா: பேச்சை மாற்றாதீர்கள். 2020 மார்ச்சில் சட்டசபையில் அறிவித்து, டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமாகத் தொடங்கியது. சீர்காழி, மயிலாடுதுறை, குத்தாலம், தரங்கம்பாடி என்று நான்கு வட்டங்கள். மாவட்டம் இரண்டு முறை மாறியும் நம் வட்டம் சீர்காழிதான். அதனால் பழைய பத்திரத்தைத் திருத்த வேண்டியதில்லை. நீ பார்க்க வேண்டியது சர்வே எண்ணை. பத்திரத்தில் இருப்பது பழைய எண். நிலப் பதிவேட்டைப் புதுப்பித்த யு.டி.ஆர். அளவைக்குப் பிறகு எண் மாறியிருக்கலாம், உட்பிரிவும் விழுந்திருக்கலாம். கிராமக் கணக்கில் ஒத்துப் பார்க்காமல் விண்ணப்பத்தை அனுப்பாதே.

கார்த்தி: 123/4 என்று இருக்கிறது. அந்த 4 உட்பிரிவா?

மணி மாமா: படம் எடுத்துப் போடு.

கவிதா: எங்கள் கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம். எம்.பி. மட்டும் மயிலாடுதுறைத் தொகுதி. இது என்ன கணக்கு சித்தப்பா?

ராஜு சித்தப்பா: தொகுதியை வரைவது மறுவரையறை ஆணையம், மாவட்டத்தைப் பிரிப்பது மாநில அரசு. பத்திரப் பதிவு மாவட்டம் என்று இன்னொன்று இருக்கிறது, அது இரண்டோடும் சேராது.

பாலு அண்ணன்: கும்பகோணத்தையும் மாவட்டமாக்கிவிட்டால் கவிதாவைக் கையில் பிடிக்க முடியாது.

கவிதா: ஆக்கட்டும், முதல் ஆளாக வெடி போடுவேன்.

செல்வி அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். வாரிசுச் சான்றிதழில் என் பெயர் இருக்கிறதா?

செல்வி அத்தை: ?

கார்த்தி: இருக்கிறது அத்தை. நீங்கள் நான்காவது.

பெரியம்மா: வீட்டை எழுதியபோது கையெழுத்துக்கு மட்டும்தானே எங்களைக் கூப்பிட்டீர்கள்.

ராஜு சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை: படித்துவிட்டேன் ராஜு.

மணி மாமா: வாழைக்கன்று யாருக்காவது வேண்டுமா? பூவன்.

பெரியம்மா: எனக்கு நான்கு

கார்த்தி: சீர்காழிக்கு யார் போவது? திங்கள்கிழமை எனக்கு விடுப்பு இருக்கிறது.

ராஜு சித்தப்பா: திங்கள் வேண்டாம். குறைதீர்க்கும் நாள், தாசில்தார் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விடுவார். முதலில் வி.ஏ.ஓ.வைப் பார்க்க வேண்டும். பாலு, உனக்குப் பழக்கம்தானே?

பாலு அண்ணன்: அவர் மாறுதலாகிப் போய்விட்டார்.

செல்வி அத்தை: யார் போனாலும் நானும் வருகிறேன்.

ராஜு சித்தப்பா: உனக்கு ஏன் வீண் அலைச்சல்?

செல்வி அத்தை: 👍