சோதனைக் கணினியிலிருந்து கடிதங்கள் வெளியேறிய இரவு

கொக்குவிலிலிருந்து:

ஒரு தனியார் கல்வி நிலையத்தின் கட்டணப் பதிவு மென்பொருளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய உண்மையான தரவுத்தளத்தின் பிரதியைச் சோதனைக் கணினியில் ஏற்றி, சில பதிவுகளை நிலுவை எனக் குறித்துவிட்டு உறங்கச் சென்றேன். நள்ளிரவு கழிந்து 1 மணிக்குத் தானாக ஓடி, நிலுவையுள்ளோருக்கு மின்னஞ்சல் கடிதம் அனுப்பும் கிரொன் வேலையை (நேரம் குறித்து ஓடவிடும் பணியை) நிறுத்த மறந்துவிட்டேன். சற்று நேரத்தில் ரொறன்ரோவிலிருந்து ஒரு மாணவியின் பெரியப்பா அழைத்தார். கடிதத்தின் அடியில் தொடர்புக்கென்று இருந்தது என் இலக்கம். "தம்பி, மூண்டு மாசக் காசும் கட்டியாச்சு, பிறகேன் நிலுவையெண்டு போட்டிருக்கிறியள்?" அங்கே அப்போது பிற்பகல்.

மென்பொருளுக்குள்ளேயே பெறுநரை மாற்றும் அமைப்பு இருந்தது. ஆயினும் ஒவ்வொரு புதிய பிரதியும் அதை அழித்துவிடுவதால், திசைதிருப்பலை அஞ்சல் சேர்வரிடமே ஒப்படைத்தேன். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சேர்வர் மென்பொருளில், பெறுநர் முகவரியை மாற்றும் வேர்ச்சுவல் அலியாஸ் மப்ஸ் என்ற அமைப்பை ஒரு ரெஜெக்ஸ்ப் (எழுத்துக் கோலங்களால் பொருத்தும்) அட்டவணைக்குச் சுட்டி, அதில் எதனுடனும் பொருந்தும் /.*/ என்ற கோலத்தையும் அதற்கு எதிரே எங்கள் சோதனைப் பெட்டியின் முகவரியையும் ஒரே வரியில் எழுதினால் போதும். எந்த முகவரிக்கு எழுதினாலும் கடிதம் அந்தப் பெட்டிக்கே வரும்.

ஆனால் இந்த மாற்றம், அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களின் வரிசைக்குள் ஒரு கடிதம் நுழையும்போதுதான் நிகழ்கிறது. முதல் இரவில் அனுப்ப முடியாமல் தேங்கியிருந்தவை பழைய முகவரிகளுடனேயே காத்திருந்தன. போஸ்ட்ஃபிக்ஸ் வழமையாக 5 நாட்கள் வரை மறுபடி முயலும். அவற்றைப் போஸ்ட்சூப்பர் கட்டளையால் அழித்த பிறகே மூச்சு வந்தது.

சாவகச்சேரியிலிருந்து:

எங்கள் மென்பொருள் உள்ளூர் போஸ்ட்ஃபிக்ஸைத் தொடாமல், 587ஆம் போர்ட் வழியாக வெளிச் சேர்வருடன் நேரே பேசியதால் இதே வரி எங்களுக்கு ஒன்றையும் தடுக்கவில்லை. இப்போது திசைதிருப்பும் முகவரியை அந்தக் கணினியிலேயே உள்ள ஒரு பயனர் கணக்காக வைத்து, அஞ்சல் வெளியே செல்லும் 25, 465, 587 ஆகிய மூன்று போர்ட்களையும் ஃபயர்வோலில் (வலையமைப்புத் தடுப்பில்) மூடிவிட்டோம்.

கொக்குவிலிலிருந்து:

பெட்டியை அந்தக் கணினியிலேயே வைப்பது எங்களுக்கும் பின்னர் தேவைப்பட்டது. திருப்பப்படுவது உறையிலுள்ள முகவரி, அதாவது சேர்வர்கள் கடிதத்தைக் கொண்டுசேர்க்கப் பார்க்கும் முகவரி மட்டுமே. கடிதத் தலைப்பில் பெற்றோரின் முகவரி அப்படியே நிற்கும். சோதிக்க வந்த தம்பி தன் சொந்த அஞ்சலிலிருந்து "அனைவருக்கும் பதில்" என்பதை அழுத்தி, "எழுத்துரு பிழை" என்று ஒரு தாய்க்கு அனுப்பிவிட்டான். போஸ்ட்ஃபிக்ஸின் இன்னொரு முகவரி மாற்று அட்டவணையான கனொனிக்கல் அட்டவணையால் தலைப்பையும் மாற்றலாம்தான். ஆனால் எந்தக் கடிதம் யாருக்குப் போகவிருந்தது என்பதே தெரியாமற் போனால் சோதனை எதற்கு? ஆகவே தலைப்பைத் தொடவில்லை. சோதனைப் பெட்டியை இப்போது அந்தக் கணினிக்குள்ளேயே வைத்து, அங்கேயே திறந்து வாசிக்கிறோம்.