'பழைய வெப்பநிலையைக் குறைத்து எழுதிவிட்டார்கள்' என்பவருக்கு எண்களை வைத்தே பதில் சொல்வது எப்படி?

தெற்குக்காற்று:

வணக்கம். ஒரு குழுவில் காலநிலை விவாதம் சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்த்தரப்பில் இருப்பவர் விவரமான ஆள், மென்பொருள் துறை போலத் தெரிகிறது. அவர் வைக்கும் வாதம் மூன்று.

ஒன்று, நாசாவும் நோவாவும் (அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு) கருவி காட்டிய அளவை அப்படியே வரைவதில்லை, திருத்தித்தான் வரைகின்றன. இரண்டு, 1998-க்குப் பிறகு ஏற்றம் நின்றுவிட்டது. 2015-ல் கடல் தரவைத் திருத்தி அந்தத் தேக்கத்தை மறைத்தார்கள். மூன்று, நகரத்துக் கான்கிரீட் சூட்டை அளந்துவிட்டு உலகமே சூடாகிறது என்கிறார்கள்.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கையைக் காட்டினால் "அது அரசியல் ஆவணம்" என்று தள்ளிவிடுகிறார். எனக்குப் பைத்தான் ஓரளவு வரும். மடிக்கணினியிலேயே கணக்குப் போட்டுக் காட்ட வழி இருக்கிறதா? எந்த இடத்தில் சறுக்கும்?

பாதரசம்:

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு ஆரம்பியுங்கள்: திருத்துகிறார்கள் என்பது உண்மை. அதை மறுத்தால் அடுத்த பதிலிலேயே மாட்டிக்கொள்வீர்கள். எதை, ஏன், எந்தப் பக்கமாகத் திருத்துகிறார்கள் என்பதுதான் விஷயம்.

பெரிய திருத்தம் கடலில்தான். அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து வாளியை இறக்கிக் கடல்நீரை மொண்டு, மேல்தளத்தில் வைத்து வெப்பமானியை முக்குவார்கள். கித்தான் வாளியாக இருந்தால் துணி கசிந்து, காற்று பட்டு, தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். நம் மண்பானை எப்படிக் குளிர்கிறதோ அதே கதை. ஆகவே அந்தக் காலத்து அளவு உண்மையைவிடக் குறைவு. பிறகு என்ஜின் அறைக்குள் இழுக்கும் குளிர்விப்பு நீரை அளக்க ஆரம்பித்தார்கள், அது உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதல். இரண்டாம் உலகப் போர்க்காலப் பதிவுகளில் பெரும்பங்கு அமெரிக்கக் கப்பல்களுடையது, அவை என்ஜின் நீரை அளந்தவை. போர் முடிந்ததும் வாளியோடு பிரிட்டன் கப்பல்கள் திரும்பின. 1945 வாக்கில் திருத்தாத கடல் கோடு சட்டென்று கீழே விழுவதற்கு இதுதான் காரணம்.

வாளி அளவைச் சரிசெய்ய, பழைய எண்களை மேலே தூக்க வேண்டும். பழைய காலம் மேலே போனால் மொத்த ஏற்றம் குறையும். நிலம், கடல் இரண்டையும் சேர்த்தால், திருத்திய கோட்டில் 1880 முதல் இன்றுவரையிலான ஏற்றம் திருத்தாத கோட்டில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். ஏமாற்ற நினைத்தவர்கள் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஆனால் "எல்லாத் திருத்தமும் ஏற்றத்தைக் குறைக்கிறது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிலத்தில் ஏற்றத்தைச் சற்றுக் கூட்டுகிறது, அமெரிக்காவுக்குள் நன்றாகவே கூட்டுகிறது. அவர் அமெரிக்க வரைபடத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருவார், பாருங்கள். அமெரிக்கா புவிப்பரப்பில் சுமார் 2 சதவீதம். அங்கே ஏன் கூட்டினார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே தன்னார்வலர்கள் உச்ச–நீச வெப்பமானியை ஒரு நாளைக்கு ஒருமுறை படித்துவிட்டுத் திரும்ப அமைப்பார்கள். திங்கள் மாலை 5 மணிக்கு உச்சம் 38 என்று எழுதுகிறார், மீட்டமைக்கிறார். அந்த நேரத்திலும் காற்று 37-ல் இருக்கிறது. முள் அங்கேயே நின்றுவிடும். செவ்வாய் மழை, உண்மை உச்சம் 31-தான். ஆனாலும் மாலையில் முள் 37 காட்டும். ஒரு வெயில் நாள் இரண்டு நாள் கணக்கில் ஏறிவிட்டது. காலை 7 மணிக்குப் படித்தால் இதேபோல் ஒரு குளிர்ந்த விடியல் இரண்டு முறை ஏறும். 20-ஆம் நூற்றாண்டில் அந்த நிலையங்கள் பலவும் மாலையிலிருந்து காலைக்கு மாறின. திருத்தாமல் விட்டால் இல்லாத குளிர்ச்சி ஒன்று தரவில் தெரியும். அதைச் சரிசெய்ததைத்தான் அவர் 'சேர்த்தார்கள்' என்கிறார்.

நிரல்குருவி:

கணக்குப் பக்கம் நான் சொல்கிறேன். இரண்டு படி. முதல் படிக்குப் பைத்தானே வேண்டாம்.

படி 1. நாசாவின் உலக வெப்பநிலைத் தொடரான ஜிஸ்டெம்ப் பக்கத்தில் உலகச் சராசரி (நிலம்+கடல்) சிஎஸ்வி கோப்பு கிடைக்கும். எக்செல்லில் திறங்கள். முதல் வரி தலைப்பு, இரண்டாவது வரி பத்திப் பெயர்கள், மூன்றாவது வரியில் 1880 ஆரம்பம். ஏ பத்தி ஆண்டு, பி முதல் எம் வரை மாதங்கள், என் பத்தி ஆண்டுச் சராசரி. 1979 இருப்பது 102-ஆம் வரி, 2024 இருப்பது 147-ஆம் வரி. கோட்டின் சாய்வைத் தரும் ஸ்லோப் சார்புக்கு முதலில் என் பத்தி, அடுத்து ஏ பத்தி, இரண்டுக்கும் இந்த வரி எல்லை. விடையைப் பத்தால் பெருக்கினால் பத்தாண்டுக்கு எத்தனை டிகிரி என்று வரும். 0.2-ஐ ஒட்டி இருக்கும்.

இப்போது 1998 வாதம். அதே கோப்பில் 1998-க்கு 0.61, 1999-க்கு 0.38 (1951–1980 சராசரியைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பது இந்த எண்). 1998 பெரிய எல் நினோ ஆண்டு (பசிபிக் கடல் சூடாகி உலகச் சராசரியைத் தற்காலிகமாக ஏற்றும் நிகழ்வு). அதைத் தொடக்கமாக வைத்து 2012-ல் நிறுத்தினால் சாய்வு குறையும். தொடக்கத்தை ஒரே ஒரு வருடம் தள்ளி 1999-ல் வையுங்கள், கூடிவிடும். ஒரு வருடம் நகர்த்தினால் மாறிவிடும் முடிவை வைத்து எதையும் நிறுவ முடியாது. 2016 ஏறக்குறைய 1.01, 2023 1.17, 2024 1.28.

கோப்பை இறக்கியதும் பெயரில் தேதியைச் சேர்த்துச் சேமியுங்கள். தாமதமாக வரும் நிலைய அறிக்கைகளால் ஒவ்வொரு மாதமும் நூறில் ஒரு பங்கு அளவில் பழைய எண்களும் அசையும். "போன மாதம் 0.61, இந்த மாதம் 0.62, மாட்டிக்கொண்டார்கள்!" என்று ஒரு படம் சுற்றும். அதற்காகச் சொல்கிறேன்.

படி 2. திருத்தாத தரவை நீங்களே சராசரி எடுப்பது. "மூலத் தரவைத் தருவதில்லை" என்பது இங்கேயே அடிபட்டுப் போகும். நோவாவின் ஜிஎச்சிஎன் (உலக நிலையங்களின் வெப்பநிலைத் தொகுப்பு) மாதத் தரவு, பதிப்பு 4, இரண்டு வடிவில் பொதுவில் இருக்கிறது: க்யூசியூ என்பது திருத்தாதது, க்யூசிஎஃப் திருத்தியது. ஒவ்வொன்றோடும் நிலைய விவரக் கோப்பு ஒன்று வரும் (அகலாங்கு, நெட்டாங்கு, உயரம்).

செய்ய வேண்டியது:

— ஒவ்வொரு நிலையத்துக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக 1951–1980 சராசரி. அந்த 30 ஆண்டில் குறைந்தது 20 ஆண்டு தரவு இல்லாவிட்டால் அந்த நிலைய–மாதத்தை விட்டுவிடுங்கள்.
— ஒவ்வொரு அளவிலிருந்தும் அந்தச் சராசரியைக் கழித்து விலகலாக மாற்றுங்கள்.
— உலகை 5 டிகிரிக்கு 5 டிகிரி பெட்டிகளாகப் பிரித்து, பெட்டிக்குள் இருக்கும் நிலையங்களின் விலகலைச் சராசரி எடுங்கள்.
— பெட்டி நடுவின் அகலாங்குக் கொசைனை எடையாக வைத்து எல்லாப் பெட்டிகளையும் சேருங்கள்.

பைத்தானின் பாண்டாஸ், நம்பை நூலகங்கள் இருந்தால் அறுபது வரிக்குள் முடியும். க்யூசியூ, க்யூசிஎஃப் இரண்டையும் ஓட்டி ஒரே தாளில் வரையுங்கள். நிலத்தில் இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒட்டிப் போகும்.

பெட்டியை விட்டுவிட்டு எல்லா நிலையங்களையும் நேரடியாகச் சராசரி எடுப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தப்பு. 25,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் அமெரிக்காவின் பங்கு மிகப் பெரிது. உலகம் என்று நினைத்து அமெரிக்காவை வரைந்திருப்பீர்கள்.

விலகலாக மாற்றாமல் டிகிரியை அப்படியே சராசரி எடுப்பதும் அப்படித்தான். கோடைக்கானலும் சென்னையும் மட்டும் இருக்கும் ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கானல் நிலையம் ஒரு வருடம் அறிக்கை அனுப்பவில்லை என்றால் பெட்டிச் சராசரி ஒரே இரவில் பல டிகிரி எகிறிவிடும். விலகலில் அது நடக்காது, இரண்டு ஊரும் தன் தன் வழக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் கணக்கு. "குளிர்ந்த மலை நிலையங்களை வேண்டுமென்றே மூடினார்கள்" என்ற பழைய குற்றச்சாட்டுக்கும் இதுவே பதில்.

கடலோரக்கணக்கு:

2015 விவகாரத்தை யாரும் தொடவில்லை. அரசியல் நிஜமாகவே உள்ளே நுழைந்த இடம் அதுதான்.

1990-களிலிருந்து கடலளவில் கப்பலின் பங்கு குறைந்து மிதவைகள் பெருகின. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஒப்பிட்டால் கப்பல் அளவைவிட மிதவை சுமார் 0.12 டிகிரி குறைவாகக் காட்டுகிறது, கப்பலில் என்ஜின் சூடு சேர்வதால். இரண்டையும் அப்படியே கலந்தால், கடல் மாறாவிட்டாலும் கோடு கீழே சாயும். நோவா மிதவைகளோடு 0.12 கூட்டியது. உடனே "நல்ல கருவியைக் கெட்ட கருவிக்கு ஏற்ப மாற்றினார்கள்" என்று கூச்சல். மிதவையில் கூட்டினாலும் கப்பலில் கழித்தாலும் சாய்வு ஒன்றுதான், கோடு மொத்தமாக மேலே கீழே நகருமே தவிரச் சாய்வு மாறாது. மென்பொருள்காரர் என்றால் இது அவருக்கு ஒரு நிமிட வேலை, அவரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கீழவையின் அறிவியல் குழுத் தலைவராக இருந்த லமார் ஸ்மித், 2015 அக்டோபரில் நோவாவுக்கு அழைப்பாணை அனுப்பி விஞ்ஞானிகளின் உள் மின்னஞ்சல்களைக் கேட்டார். 2017 ஜனவரியில் வேறொரு ஆய்வுக்குழு, மிதவை மட்டும், ஆர்கோ மிதப்பிகள் (கடலுக்குள் மூழ்கி எழுந்து அளக்கும் தானியங்கிகள்) மட்டும், செயற்கைக்கோள் மட்டும் என்று தனித்தனித் தொடர்களாகக் கட்டி ஒப்பிட்டது. கலப்பே இல்லாத அந்தத் தொடர்கள் நோவாவின் புதிய பதிப்போடு ஒத்துப்போயின, பழைய பதிப்போடு இல்லை. மின்னஞ்சலைத் தோண்டுவதைவிட இது நேரான சோதனை.

கான்கிரீட் வாதம்: நகரவெப்பம் உண்மை, சென்னை மாதிரி ஊரில் யாரும் மறுக்க முடியாது. ஆனால் புவிப்பரப்பில் 71 சதவீதம் கடல், அங்கே கான்கிரீட் இல்லை. ஜிஸ்டெம்ப், செயற்கைக்கோள் எடுத்த இரவு வெளிச்சப் படத்தை வைத்து நகர நிலையங்களைப் பிரித்து, அவற்றின் நீண்டகாலச் சாய்வைச் சுற்றியுள்ள கிராம நிலையங்களுக்கு ஒத்துப்போகச் செய்கிறது. இன்னொன்று, பெர்க்லி இயற்பியலாளர் ரிச்சர்டு முல்லர். இந்தத் தரவுகளைச் சந்தேகித்தவர். சார்லஸ் கோக் அறக்கட்டளைப் பணமும் சேர்ந்த திட்டத்தில் முதலிலிருந்து புதிதாகக் கணக்குப் போட்டு, 2011-ல் முடிவை வெளியிட்டார். பழைய கோடே வந்தது. எதிர்த்தரப்பில் இருப்பவருக்கு ஐபிசிசியைவிட இந்தப் பெயர் செரிக்கும்.

ஆறாம்விரல்:

அவர் அடுத்து செயற்கைக்கோளுக்குத் தாவுவார்: "யுஏஎச் தொடரைப் பார், அது திருத்தாதது." யுஏஎச் என்பது அலபாமா பல்கலைக்கழகம் (ஹன்ட்ஸ்வில்) தொகுக்கும் செயற்கைக்கோள் தொடர். செயற்கைக்கோள் வெப்பநிலையை நேரடியாக அளப்பதே இல்லை. ஆக்சிஜன் மூலக்கூறுகள் உமிழும் நுண்ணலையை அளந்து, அதிலிருந்து பல கிலோமீட்டர் கனமான காற்றடுக்கின் வெப்பத்தைக் கணிக்கிறார்கள். 1978 கடைசியிலிருந்து வரிசையாக ஏவிய பல செயற்கைக்கோள்களின் அளவுகளை ஒட்டுப்போட்ட தொடர் அது. சுற்றுப்பாதை நகர்ந்தால் அளக்கும் நேரம் மாறும், அதற்கும் திருத்தம் உண்டு. அந்தத் திருத்தத்தில் கூட்டல் கழித்தல் குறியே தலைகீழாக இருந்ததை 2005-ல் வேறொரு குழு கண்டுபிடித்தது, யுஏஎச் திருத்திக்கொண்டது. ஆக, திருத்தாத தொடர் என்று ஒன்று இல்லை.

இரண்டு தொடர்களை ஒரே படத்தில் போடும்போது அடிப்படைக் காலத்தை (எந்த ஆண்டுகளின் சராசரியிலிருந்து விலகலைக் கணக்கிடுகிறார்கள் என்பதை) பாருங்கள். ஜிஸ்டெம்புக்கு 1951–1980, பிரிட்டன் தொடரான ஹாட்கிரட்டுக்கு 1961–1990, யுஏஎச்சுக்கு 1991–2020. அப்படியே ஒட்டினால் யுஏஎச் கோடு எங்கோ கீழே கிடக்கும், "பார், செயற்கைக்கோள் சூட்டைக் காணவில்லை" என்பார்கள். எல்லாவற்றையும் பொதுவான 30 ஆண்டுக்கு நகர்த்திவிட்டுத்தான் வரைய வேண்டும்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே வாதம். தரவு பற்றிப் பேசும்போது "சீனா மட்டும் என்ன" என்று தாவினால் போகாதீர்கள். ஆண்டு கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் சீனா முதலிடம், இதுவரை சேர்ந்த மொத்தத்தில் அமெரிக்கா முதலிடம், தலைக்கு என்று பார்த்தால் இந்தியா சுமார் 2 டன்தான். மூன்றும் உண்மை, மூன்றும் வேறு கேள்விக்கு விடை. வெப்பமானி சரியா என்பதற்கு இவற்றில் எதுவும் பதில் இல்லை.

தெற்குக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. படி 1 சொன்னபடியே வந்தது, 1999 வித்தை அருமையாக வேலை செய்தது. படி 2-ல் சிக்கல். க்யூசியூ கோடு சில வருடங்களில் நான்கைந்து டிகிரி கீழே பாய்ந்து திரும்ப ஏறுகிறது. சில நிலையங்களுக்கு நூற்றுக்கணக்கில் வெப்பநிலை காட்டுகிறது. வரியை இடைவெளியால் பிரித்துத்தான் படித்தேன்.

நிரல்குருவி:

இரண்டு தப்பு சேர்ந்திருக்கிறது. அந்தக் கோப்பு நிலை அகலக் கோப்பு, இடைவெளியால் பிரிக்கக் கூடாது. நிலைய எண் 11 எழுத்து, ஆண்டு 4, வகைப்பெயர் 4, பிறகு ஒவ்வொரு மாதத்துக்கும் 5 எழுத்து அளவும் 3 எழுத்துக் குறியும். குறி சில மாதத்தில் வெறுமையாக இருக்கும், சிலதில் எழுத்து இருக்கும். இடைவெளியால் வெட்டினால் பத்திகள் நகர்ந்து ஒரு மாத அளவு வேறு மாதத்தில் போய் உட்காரும். பாண்டாஸில் ரீட் எஃப்டபிள்யூஎஃப் பயன்படுத்தி அகலங்களைக் கொடுங்கள்.

அளவு நூறில் ஒரு பங்கு டிகிரியில் இருக்கிறது: 2874 என்றால் 28.74. காலியான மாதத்துக்கு -9999 இருக்கும். நூறால் வகுப்பதற்கு முன்பே அதை வெற்றாக மாற்றிவிடுங்கள். வகுத்த பிறகு -9999-ஐத் தேடினால் கிடைக்காது, -99.99 ஆகி எண்ணோடு எண்ணாகக் கலந்திருக்கும், 1951–1980 சராசரியையும் கெடுக்கும். கீழே பாய்கிற வருடங்கள் அதுதான். மாற்றிவிட்டு, முதலில் சென்னை மீனம்பாக்கம் (உலக வானிலை எண் 43279) ஒன்றை மட்டும் அச்சடித்துப் பாருங்கள். மே மாத அளவுகள் முப்பத்திரண்டைச் சுற்றி, ஜனவரி இருபத்தைந்தை ஒட்டி வந்தால் படிப்பது சரி, மொத்தத்தையும் ஓட்டலாம்.