புதுப்பிப்பு: பெற்றோருடன் ஆன்டலோப் கேன்யன்

முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கில் மேல்பகுதிதான் சரி என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போதும் அதேதான்; கீழ்ப்பகுதியில் செங்குத்தான இரும்பு ஏணிகள். ஆனால் மேல்பகுதி இப்போது ஒருவழிப் பாதை. உள்ளே சமமான மணல்தரை, திரும்பும்போது வெளியே மேட்டில் படியேறி இறங்கணும். அந்தப் படிகளைப் பற்றி முன்பதிவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் நேரக்குழப்பம் வரும். கேன்யன் இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும், பக்கத்து பேஜ் ஊரில் அப்படியில்லை. டூருக்கு பேஜ் நேரமே கணக்கு. போன் தானாக மாறும். தானியங்கி நேரத்தை அணைத்து பீனிக்ஸ் நேரம் வையுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை, தலைக்குமேல் வெயிலடித்தாலும் தொலைவில் பெய்த மழை வெள்ளமாக வரும். 1997 ஆகஸ்டில் கீழ்ப்பகுதியில் 11 பேர் இறந்தது அப்படித்தான். டூரை ரத்து செய்தால் தயவுசெய்து வாதாடாதீர்கள்.