மென்பொருளின் ஒவ்வொரு தெரிவும் (ஆப்ஷன்) தனியாகச் சரி, சேர்த்தால் பில்ட் (மூல நிரலை ஓடும் மென்பொருளாக்குவது) விழுகிறது: உங்கள் அனுபவம்?

உட்பொதி நிரலாளர்:
ரவுட்டர் பலகைக்கு லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தயாரித்துக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர் கொடுத்த கான்ஃபிக் கோப்பில் டிரைவருக்கு 'ஒய்', அதாவது கெர்னலுக்குள்ளேயே சேர். அது அழைக்கும் நூலகத்துக்கு 'எம்', அதாவது மாட்யூல். கம்பைல் முழுவதும் ஓடி, கடைசியில் துண்டுகளை இணைக்கும் லிங்க் கட்டத்தில் செத்தது. கெர்னலுக்குள்ளேயே உட்காரும் நிரல், பின்னால் ஏற்றப்படும் மாட்யூலில் உள்ள ஃபங்ஷனைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எந்தத் தெரிவு எதைச் சார்ந்தது என்று எழுதும் 'கேகான்ஃபிக்' கோப்பில் ஒரு சார்பு வரி விடுபட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காக மாலை முழுவதும் போயிற்று.

ஆய்வு மாணவி:
இது உங்கள் தலைவிதி மட்டும் அல்ல. பிரான்சின் ரென் நகர ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னலின் 4.13.3 பதிப்பைத் தற்செயலாகத் தேர்ந்த 95,000-க்கும் மேற்பட்ட அமைவுகளில் (தெரிவுகளின் சேர்க்கைகளில்) கம்பைல் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய 6 சதவீதம் தோற்றன. எல்லாவற்றையும் சோதிப்பது கனவு: ஒன்றையொன்று சாராத 33 தெரிவுகள் இருந்தாலே உலக மக்கள்தொகையைவிட அதிகமான அமைவுகள் வந்துவிடும். கெர்னலில் இருப்பவையோ பத்தாயிரத்துக்கும் மேல்.

சிறிய ஒன்றை முழுதாகச் சோதித்தவர்களும் உண்டு. ஜேஹிப்ஸ்டர் என்ற வலைச் செயலி உருவாக்கியின் 26,000-க்கும் மேற்பட்ட அமைவுகளையும் ஓட்டினார்கள். 36 சதவீதம் விழுந்தன. அத்தனைக்கும் பின்னால் இருந்தவை ஆறே ஆறு மோதல்கள், அதுவும் மரியாடிபி தரவுத்தளத்தோடு கிரேடில் என்ற பில்ட் கருவி சேர்ந்தால் போன்றவை! இரண்டிரண்டாகச் சேர்த்துச் சோதிக்கும் மாதிரி முறையை என் நெறியாளர் ஏன் விடாமல் வலியுறுத்துகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. கெர்னலுக்குத் தற்செயலாக அமைவு தேர்ந்து தரும் 'ராண்ட்கான்ஃபிக்'கை மட்டும் நம்புவோருக்கு ஒன்று: மெனுவின் ஆழத்தில் கிடக்கும் தெரிவுகள் அதில் அரிதாகவே இயங்கும். சீட்டுக் குலுக்கல்தான், ஆனால் சில சீட்டுகள் பெட்டியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

பழைய கெர்னல்காரர்:
பில்ட் விழுந்தால் பரவாயில்லை, தெரிந்துவிடும். விழாததுதான் ஆபத்து. 'ஹாட்பிளக்_சிபியு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சிபியு_ஹாட்பிளக்' என்று கெர்னலில் யாரோ எழுதிவிட்டார்கள். அப்படி ஒரு தெரிவே கிடையாது. அந்த 'இஃப்டெஃப்' தொகுதி (தெரிவு இருந்தால் மட்டும் கம்பைல் ஆகும் நிரல் பகுதி) எந்த அமைவிலும் உயிர்பெறவில்லை. கம்பைலர் முணுமுணுக்கவும் இல்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகக் குழு 2011-இல் தன் 'அண்டர்டேக்கர்' கருவியால் இப்படிப்பட்ட 1,776 குறைகளைக் காட்டியது. செத்த நிரலைத் தேடும் கருவிக்கு வெட்டியான் என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

உட்பொதி நிரலாளர்:
மாணவி, இரண்டிரண்டாகச் சோதித்தால் என் 'ஒய்–எம்' சிக்கல் சிக்கியிருக்குமா?

ஆய்வு மாணவி:
'ஒய்', 'எம்', 'என்' (வேண்டாம்) என்ற மூன்று மதிப்புகளையும் கணக்கில் எடுத்தால் சிக்கும். பல கருவிகள் 'எம்'மையும் 'ஒய்' என்றே எண்ணிக்கொள்கின்றன, அவற்றில் சிக்காது.