படிக்கும்போது குறிப்பு எடுத்ததில் மறக்க முடியாதது எது?

நூலகத்தில் எடுத்த ஒரு பொருளாதாரப் புத்தகம், முன்னால் படித்த யாரோ பென்சிலால் ஓரமெல்லாம் எழுதி வைத்திருந்தார். 212ஆம் பக்கத்தில் ‘இது 41க்கு ஒத்துப்போகவில்லையே’ என்று ஒரு வரி. திருப்பிப் பார்த்தால் உண்மைதான். கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்று 41இல் அடித்துச் சொன்ன ஆசிரியர், இங்கே கூலி உயர்ந்து மக்கள் கையில் காசு புழங்கியதால் வேலையும் கூடியது என்கிறார், நடுவில் என்ன மாறியது என்று ஒரு வார்த்தை இல்லை. அத்தனை பக்கம் தாண்டியும் 41ஐப் பிடித்து வைத்திருந்த அந்த ஆள் யார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

———

எனக்குத் தீர்ப்பு படிக்கும்போது நடந்தது. மனுதாரர் வாதம், எதிர்மனுதாரர் வாதம் எல்லாம் பக்கம் பக்கமாக வந்த பிறகுதான் நீதிபதி தன் முடிவுக்கு வருவார். நண்பர் ஒருவர் மனுதாரர் வாதத்தையே தீர்ப்பு என்று பிடித்துக்கொண்டு என்னோடு சண்டை. என் பிரதியில் பத்திக்குப் பத்தி ஓரத்தில் ம, எ, நீ என்று யார் பேசுகிறார் என்பதற்கு ஓர் எழுத்து இருக்கும். அதைக் காட்டியதும் அவர் முகம் போன போக்கு!

———

முதலில் எழுதியவருக்கு: நூலகப் புத்தகத்தில் எழுதுவதைத் தயவுசெய்து பாராட்டாதீர்கள், தனித் தாளில் பக்க எண்ணோடு எழுதலாமே. என் கதை சின்னது. பழைய பாடப்புத்தகத்தைத் திறந்தேன், பக்கம் முழுக்க மஞ்சள் கோடு, எது முக்கியம் என்றே தெரியவில்லை. டன்லாஸ்கி என்ற உளவியல் ஆய்வாளரின் குழு 2013இல் 10 படிப்பு முறைகளை மதிப்பிட்டபோது கோடிடுவதைக் குறைந்த பயன் உள்ளவற்றில்தான் சேர்த்தது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள், ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். அதனால் ஒரு பகுதி படித்ததும் புத்தகத்தை மூடுங்கள், சொந்த வார்த்தையில் எழுதுங்கள், அப்புறம் திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் சேருங்கள். மறுநாள் அந்த வேறு மையை மட்டும் பார்த்தாலே போதும்.

———

சரி, ஆனால் 2006 சோதனை அளந்தது ஞாபகத்தை. தீர்ப்பு படித்தவர் ஓரத்தில் எழுதியது புரிந்துகொள்ள, இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒரு தத்துவக் கட்டுரையில் ஒரு பத்தியை என் வார்த்தையில் எழுத உட்கார்ந்தேன், நகரவே இல்லை. முடிவு இருக்கிறது, அதற்கான காரணத்தைக் காணோம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே வரி வரியாகத் தேடினேன், அது சில பக்கம் தள்ளி ஓர் அடிக்குறிப்பில் கிடந்தது.