பள்ளி அவசரகாலத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
எங்கள் அரசுப் பள்ளியின் அவசரகாலத் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. சென்ற ஒத்திகையில் பின்படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. சாவியைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் படியிலேயே நெருக்கியடித்து நின்றுவிட்டார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அந்தக் கதவிலிருந்தே தொடங்குங்கள், ஐயா. பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரத்தில் வெளியேறும் வழி எதுவும் பூட்டப்படக் கூடாது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். கூட்டம் பின்னாலிருந்து தள்ளும்போது உட்புறமாகத் திறக்கும் கதவை யாராலும் இழுக்க முடியாது.

மறுமொழி 2:
ஒன்றுகூடும் இடத்துக்கு மாற்றிடமும் குறித்து வையுங்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் கமாய்ஷி நகரை ஆழிப்பேரலை தாக்கியபோது, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு ஓடி, முன்பே குறிக்கப்பட்டிருந்த இடமும் பாதுகாப்பில்லை என்று கண்டு, மேலும் உயரத்துக்கு ஏறித் தப்பினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மறுமொழி 3:
வருகைப் பதிவேட்டை எடுத்து வருபவர் யார், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை மாடியிலிருந்து இறக்குபவர்கள் யார், அவர்கள் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். அடுத்த ஒத்திகையை உணவு இடைவேளையில் நடத்திப் பாருங்கள்.